சேறு, ஓடைத் தண்ணீர், மழை: எந்த ஹப் தாங்கும்? பின்சக்கர பேரிங் ஏன் சீக்கிரம் போகிறது?

மண்பாதை:
வணக்கம். நான் சைக்கிள் ஓட்டுவது பெரும்பாலும் களிமண் தடம், நடுவில் ஓடை, இறக்கத்தில் நிறைய பிரேக். இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், பின் அச்சு 12×142 (தடிமன் 12, அகலம் 142 மில்லிமீட்டர்). ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூட்டில்) இருப்பது கேட்ரிட்ஜ் பேரிங், அதாவது வளையமும் குண்டும் சேர்ந்து ஒரே துண்டாக வரும் வகை. மழைக்காலம் முடிவதற்குள் பின்சக்கரத்தில் செயின் பக்கத்து பேரிங் கரகரவென்று ஆகிவிடுகிறது. முன்சக்கரத்துக்கு ஒன்றுமே ஆவதில்லை. அதே நம்பரில் புதுசு வாங்கிப் போட்டேன், அதுவும் அதே கதிதான். விலை கூடிய ஹப்புக்குப் போவதா, செராமிக் பேரிங் போடுவதா, பழைய மாதிரி கப்-கோன் ஹப்புக்கு (கிண்ணம் போன்ற கப்புக்கும் கூம்பு போன்ற கோனுக்கும் நடுவே தனிக் குண்டுகள் ஓடும் வகைக்கு) திரும்புவதா? சீல் செய்த பேரிங் என்றால் திறக்கவே கூடாது என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா? ஹப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

கூம்புச்சாவி:
நண்பரே, முதலில் அந்த "சீல்" என்ற சொல்லை நம்புவதை நிறுத்துங்கள். அந்த ரப்பர் வளையம் கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும், தூசியைத் தடுக்கும், மேலே தெறிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் தடுக்கும். தண்ணீருக்குள் முங்குவதற்கு என்று அது செய்யப்படவில்லை. சேற்றில் ஓட்டும் யாருக்கும் தண்ணீர் உள்ளே போகத்தான் போகும், எவ்வளவு விலை கொடுத்த ஹப்பாக இருந்தாலும் சரி. அதனால் நான் ஹப் வாங்கும்போது பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் வைத்து எவ்வளவு சுலபமாகத் திறக்கலாம், திறந்த பிறகு உதிரி பேரிங் பொது நம்பரில் கிடைக்குமா. சுலபமாகத் திறக்கிற ஹப்பை அடிக்கடி திறப்போம், அடிக்கடி திறக்கிற ஹப் நீடிக்கும். திறப்பதற்கே தனிக் கருவி கேட்கிற ஹப்பை மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவோம், அதற்குள் அது போய்விடும்.

இப்போது உங்கள் தடத்துக்கு வருவோம். இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள், டிஸ்க் சூடாகிறது, அந்தச் சூடு ஹப்புக்கும் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து சீல் ஓரமாகக் கொஞ்சம் வெளியேறிவிடும். அந்தச் சூட்டோடு நேராக ஓடைக்குள் இறங்கினால் ஹப் சட்டென்று குளிர்கிறது, மிச்சக் காற்று சுருங்குகிறது, உள்ளே இழுப்பு உண்டாகிறது. அப்போது சீலைச் சுற்றி நிற்பது காற்று இல்லை, கலங்கிய தண்ணீர். அதைத்தான் உறிஞ்சும். விளக்குக்கு மின்சாரம் தரும் சன் (SON) டைனமோ ஹப் செய்கிறவர்கள் இந்தத் தொல்லைக்காகவே அழுத்தத்தைச் சமன் செய்யும் ஏற்பாடு ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். நம்முடைய சாதாரண ஹப்பில் அது கிடையாது. ஆகவே இறக்கம் முடிந்ததும் ஓடைக்கு முன்னால் கொஞ்சம் நின்று, டிஸ்க் ஆறிய பிறகு இறங்குங்கள். வண்டியைக் கழுவுவதற்கும் இதே விதிதான். ஓட்டி முடித்த சூட்டோடு குழாயைத் திருப்ப வேண்டாம். பிரஷர் வாஷரை அச்சுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, சீலின் உதட்டை அந்த வேகம் தூக்கிவிடும்.

செயின் பக்கம் மட்டும் ஏன் போகிறது என்றால், அங்கேதான் ஃப்ரீஹப் இருக்கிறது, அதாவது பின் பல்சக்கரங்கள் உட்காரும், மிதிக்கும்போது மட்டும் ஹப்பைக் கவ்வும் உருளை. ஃப்ரீஹப் தனியாகச் சுற்ற வேண்டும், ஹப் கூடு தனியாகச் சுற்ற வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு கட்டாயம் இருக்கும். அதை மூடும் சீல் மெல்லியதாக இருந்தால்தான் மிதிக்காமல் உருளும்போது ஃப்ரீஹப் இழுக்காது. செயினிலிருந்து வழியும் சேறு எல்லாம் பெரிய பல்சக்கரத்தின் பின்னால், சரியாக அந்த இடுக்கின் மேல்தான் சேர்கிறது. அதோடு செயின் இழுக்கும் பாரமும் அந்தப் பக்கத்துக்கே அதிகம். முன்சக்கரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஈரத்தடம்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் "அதே நம்பரில் புதுசு" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்காது. உதாரணத்துக்கு 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மில்லிமீட்டர். அவ்வளவுதான் அந்த நான்கு இலக்கம் சொல்லும். அதன் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள். ஜெட்-ஜெட் (ZZ) என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி, ரப்பரே இல்லை, சேற்றுக்கு அது ஆகவே ஆகாது. 2ஆர்எஸ் (2RS) என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். ரப்பரிலும் இரண்டு வகை உண்டு. எல்எல்பி (LLB) என்று வருவது உள்வளையத்தைத் தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும், எல்எல்யூ (LLU) என்று வருவது தொட்டுக்கொண்டே நிற்கும். எல்லா நிறுவனமும் இதே எழுத்துகளைப் போடுவதில்லை, ஆனால் தொடுகிறதா தொடவில்லையா என்று கேட்டு வாங்கலாம். சேற்றுக்குத் தொடுகிற சீல்தான். கையால் சுழற்றினால் சக்கரம் சீக்கிரம் நின்றுவிடும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சேற்றில் டயர் தின்கிற பலத்துக்கு முன்னால் அது ஒரு கணக்கே இல்லை.

செராமிக் வேண்டாம். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவற்றில் குண்டு மட்டும்தான் செராமிக், அது ஓடும் வளையம் எஃகு. தண்ணீர் போனால் வளையம் துருப்பிடிக்கும், அதன் மேல் கடினமான குண்டு ஓடும். காசுக்குக் கேடு. துருப்பிடிக்காத எஃகில் வரும் பேரிங் கிடைத்தால் வாங்கலாம். அது சாதாரண பேரிங் எஃகைவிட ஒரு மாற்று மென்மையானது, ஆனாலும் நம்மைப் போன்றவர்களுக்கு பேரிங் தேய்ந்து போவதைவிடத் துருவால் போவதுதான் வழக்கம்.

அப்புறம் கிரீஸ் அளவு. பேரிங் செய்கிற இடத்தில் உள்ளிருக்கும் இடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கிரீஸ் வைப்பார்கள். மோட்டாரில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்போது அதற்கு மேல் வைத்தால் கடைந்து சூடாகும், அதனால் அந்த அளவு. நம் சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது? மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 29 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 சுற்று. சேற்றில் அதில் பாதிகூட வராது. இதற்குச் சூடாவது என்ற பேச்சே இல்லை. எனவே சீலைத் திறந்து முழுக்க அடைத்து வையுங்கள். கிரீஸ் இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு இடம் இல்லை.

மண்பாதை:
அப்படியானால் புது பேரிங்கைக்கூடத் திறந்து கிரீஸ் நிரப்பச் சொல்கிறீர்கள். சீல் கெடாமல் எப்படித் திறப்பது? எந்த கிரீஸ்?

கூம்புச்சாவி:
தாராளமாகத் திறக்கலாம், திறக்கக் கூடாது என்பதெல்லாம் வெறும் பேச்சு. பேரிங்கை ஹப்பிலிருந்து கழற்றவும் வேண்டாம், வெளிப்பக்கச் சீல் மட்டும் வந்தால் போதும். முதலில் முனை மூடிகளைக் கழற்றி, சுற்றிலும் உள்ள சேற்றைத் துணியால் துடைத்துவிடுங்கள். இந்த வேலையில் பாதிப் பேர் செய்யும் தவறு இங்கேதான், சேற்றோடு சீலைத் தூக்கினால் அது அப்படியே உள்ளே விழும். பிறகு மெல்லிய பிளேடை ஏறக்குறையப் படுக்கவைத்து சீலின் ஓரத்தில் நுழைத்து, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ரப்பருக்குள் மெல்லிய தகடு இருக்கிறது, அது மடங்கினால் அந்தச் சீல் திரும்பச் சரியாக உட்காராது. உதட்டில் கீறல் விழவும் கூடாது.

திறந்ததும் துடைக்க அவசரப்படாமல் கிரீஸைப் பாருங்கள், அதுதான் எல்லாக் கதையையும் சொல்லும். நல்ல நிறத்தில், விரலில் வழுவழுப்பாக இருந்தால் அதே வகைக் கிரீஸை இன்னும் கொஞ்சம் சேர்த்து மூடினால் போதும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஆனால் பேரிங் இன்னும் பிழைக்கும். செம்பழுப்பாக இருந்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது நறநறவென்றால் துருவும் மணலும் சேர்ந்துவிட்டன, கழுவிப் பார்க்கலாம் ஆனால் புதுசுக்குச் சொல்லி வையுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் கழுவி, உள்வளையத்தை விரலால் சுற்றிக்கொண்டே இன்னொரு முறை கழுவி, முழுக்க உலரவிடுங்கள். உலர்வதில் அவசரம் வேண்டாம். ஃப்ரீஹப் பக்கம் அந்த எண்ணெய் வழியாமல் சக்கரத்தைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ் என்றால் படகு டிரெய்லர் சக்கரங்களுக்கு விற்கும் கிரீஸைத் தேடுங்கள். கால்சியம் சல்ஃபோனேட் வகை தண்ணீரில் எளிதில் கரைந்து ஓடாது, துருவையும் தடுக்கும். நல்ல லித்தியம் கிரீஸும் வேலை செய்யும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். வேறு வகை போடுவதானால் பழையதை முழுக்கக் கழுவிவிட்டுப் போடுங்கள். கெட்டியாக்கும் பொருள் வேறுபடும் கிரீஸ்கள், முக்கியமாக பாலியூரியாவும் லித்தியமும், ஒன்றோடொன்று சேராமல் இளகிப்போய் வழியக்கூடும். நிரப்பும்போது குண்டுகளுக்கு நடுவே விரலால் அழுத்தி, மறுபக்கம் வரை போகிறதா பாருங்கள். சீலை வைத்து விரலால் சுற்றிலும் அழுத்தினால் டக்கென்று உட்காரும்.

கப்பும்கோனும்:
கப்-கோன் ஹப்பைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன். சேற்றில் ஓட்டுகிறவருக்கு அதைவிட நேர்மையான ஹப் கிடையாது என்பது என் கருத்து. ஷிமானோ அதை இத்தனை காலம் விடாமல் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான ஷிமானோ பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். இரண்டு மெல்லிய கோன் ஸ்பேனர், ஒரு சாதாரண ஸ்பேனர், கொஞ்சம் கிரீஸ், இதை வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் உட்கார்ந்து முழுவதையும் பிரித்து மாட்டலாம். பிரஸ் வேண்டாம், சுத்தியல் வேண்டாம். குண்டு சாய்ந்து உட்காருவதால் பக்கவாட்டு பாரத்தையும் நன்றாகத் தாங்கும். கேட்ரிட்ஜில் வரும் சின்னக் குண்டோடு இந்தக் கால் அங்குலக் குண்டை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கழுவி எடுத்த கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் குண்டு ஓடிய தடம் ஒரு மெல்லிய கோடாகப் பளபளக்கும். கோடு ஒரே சீராக இருந்தால் ஹப் ஆரோக்கியமாக இருக்கிறது. பேனா முனையால் தடவும்போது எங்காவது சிக்கினால் குழி விழ ஆரம்பித்துவிட்டது, கோனை மாற்றுங்கள், குண்டையும் கூடவே மாற்றுங்கள். பழைய குண்டைத் துடைத்துப் போடுவது மிச்சமே இல்லை.

இறுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குயிக் ரிலீஸ் ஹப்பில் (கையால் நெம்புகோலைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் வகையில்) நெம்புகோலை இறுக்கினால் அச்சு மயிரளவு அமுங்கும், கோன்கள் நெருங்கும். அதனால் கையில் வைத்திருக்கும்போது இம்மியளவு ஆட்டம் இருக்கிற மாதிரி விட்டு, வண்டியில் மாட்டி இறுக்கிய பிறகு அந்த ஆட்டம் மறைகிறதா பார்க்க வேண்டும். கையிலேயே ஆட்டம் இல்லாமல் இறுக்கினால் வண்டியில் அது நெரிந்து, கோன் சீக்கிரம் குழி விழும்.

ஈரத்தடம்:
நீங்கள் சொல்வது அத்தனையும் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோனை மாற்றலாம், கப்பை என்ன செய்வீர்கள்? அது ஹப் கூட்டுக்குள் அழுத்தி வைக்கப்பட்டது, பெரும்பாலும் தனியாக விற்பதும் இல்லை. கப்பில் குழி விழுந்தால் ஹப்பே போச்சு, ஹப் போனால் சக்கரம் முழுவதையும் பிரித்து கம்பி கோக்க வேண்டும். கேட்ரிட்ஜில் தேய்வது எல்லாம் பேரிங்கோடு போய்விடும், கூடு அப்படியே இருக்கும். ஒழுங்காக, நேரத்துக்குத் திறக்கிற உங்களுக்கு கப்-கோன் ஆயுள் முழுக்க வரும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விடுகிறவருக்குக் கேட்ரிட்ஜ்தான் மன்னிக்கும். அதோடு கேள்வி கேட்டவர் வைத்திருப்பது 12 மில்லிமீட்டர் அச்சு, அதற்குக் கப்-கோனில் தேர்வு குறைவு.

இதில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. பழைய கேம்பக்னோலோ ஹப்பில் நடுவில் ஒரு எண்ணெய்த் துளை, அதை மூட ஒரு வளையக் கிளிப் இருந்தது. பிறகு வைல்டர்னஸ் டிரெயில் பைக்ஸ் நிறுவனம், சன்டூர் நிறுவனத்தோடு சேர்ந்து, கிரீஸ் கார்டு என்று ஒன்று கொண்டுவந்தது. சின்ன கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் புது கிரீஸ் உள்ளிருந்து பேரிங் வழியாக வந்து, பழைய அழுக்கு கிரீஸை வெளியே தள்ளிவிடும். எதையும் பிரிக்க வேண்டியதில்லை. சேற்றுக்கு இதைவிட நல்ல யோசனை வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்று எந்த நிறுவனம் மறுபடி கொண்டுவந்தாலும் முதல் ஆளாக வாங்குவேன்.

மண்பாதை:
மிக்க நன்றி. பேரிங் புரிந்தது. ஃப்ரீஹப் உள்ளே என்ன செய்வது? என்னுடையது குளிர் காலையில் சில நேரம் பிடிக்காமல் ஒரு கணம் வெறுமனே சுற்றுகிறது.

கூம்புச்சாவி:
உடனே ஓட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள், இது பேரிங்கைவிட அவசரம். எழுந்து நின்று மிதிக்கும்போது அது பிடிக்காமல் போனால் நேராக ஹேண்டில்பார் மேல் விழுவீர்கள். உள்ளே சின்ன நாக்குகள் ஸ்பிரிங் பலத்தில் எழுந்து பல்வளையத்தைக் கவ்வ வேண்டும். பேரிங்குக்குப் போடும் கெட்டியான கிரீஸை அங்கே அப்பினால், குளிரில் அது இறுகி நாக்கை எழவிடாது. யாரோ அப்படிச் செய்திருக்கலாம், அல்லது சேறு போய்க் கெட்டியாகியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கழற்றி, முழுக்கக் கழுவி, அந்த ஹப் செய்தவர் சொல்லும் மெல்லிய கிரீஸ் அல்லது கெட்டி எண்ணெய் மட்டும் மெலிதாகத் தடவ வேண்டும். நாக்குகளின் ஸ்பிரிங் மிகச் சிறியது, கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

புது ஹப் வாங்குவதாக இருந்தால் இந்த இடத்தில்தான் காசைப் போட வேண்டும். டிடி ஸ்விஸ் ராட்செட் ஹப்பில் நாக்கே கிடையாது. முகத்தில் பல் வெட்டிய இரண்டு வளையங்கள், ஸ்பிரிங் பலத்தில் ஒன்றோடொன்று முட்டிக் கவ்வுகின்றன. கேசட்டை (பின் பல்சக்கரக் கொத்தை) பிடித்து நேராக இழுத்தால் ஃப்ரீஹப் கையோடு வந்துவிடும், ஒரு கருவியும் வேண்டாம். சேற்றில் ஓட்டிவந்த அன்று மாலையே திறந்து துடைத்து மூடலாம். 18 பல் வளையத்தில் மிதி பிடிப்பதற்குள் அதிகபட்சம் 20 பாகை சுற்றும், 36-இல் 10 பாகை, 54-இல் ஏழுக்கும் குறைவு. ஹோப் ப்ரோ 4 ஹப்பில் நான்கு நாக்கு, 44 பல், ப்ரோ 5-இல் ஒரு சுற்றில் கவ்வும் இடங்கள் 108 ஆகிவிட்டன. கிறிஸ் கிங் ஹப்பில் 72 பல். பல் கூடினால் மிதி உடனே பிடிக்கும், செங்குத்தான பாறையில் அது சுகம்தான். ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சிறிதாகிறது, அதற்குள் களிமண் தங்கினால் கவ்வும் ஆழம் குறைகிறது. சேற்றுக்கு மட்டும் என்றால் நான் 36-ஐத் தாண்ட மாட்டேன்.

கப்பும்கோனும்:
இந்த விஷயத்தில் சண்டையே இல்லை. என் கப்-கோன் ஹப்பின் பலவீனமும் அதன் ஃப்ரீஹப்தான். கூடவே ஒன்று, யாராவது சேறே படாத பல்சக்கரம் தேடினால் ரோலாஃப் 14 கியர் ஹப்பைப் பார்க்கலாம். கியர் எல்லாம் கூட்டுக்குள் எண்ணெயில் ஓடுகிறது. 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினால் போதும். கனம் அதிகம், விலையும் அதிகம், அது தனி உலகம்.

மண்பாதை:
ஃப்ரீஹப்பைக் கழுவிப் போட்டேன், இப்போது சுத்தமாகப் பிடிக்கிறது. உள்ளே பழுப்புக் கிரீஸ் கட்டி கட்டியாக இருந்தது. செயின் பக்க பேரிங் பிழைக்காது, புதுசு தொடு-சீல் வகையில் வாங்கியிருக்கிறேன். பிரஸ் இல்லாமல் ஏற்ற முடியுமா? இன்னொன்று, பேரிங்கின் உள்பக்கச் சீலைக் கழற்றிவிட்டு ஹப் கூட்டுக்குள்ளேயே கிரீஸ் நிரப்பினால் நல்லது என்று சொல்கிறார்களே?

ஈரத்தடம்:
நீளமான போல்ட், நட்டு, பொருத்தமான அளவில் கெட்டி வாஷர்கள் இருந்தால் பிரஸ் தயார். ஏற்றும்போது வாஷர் பேரிங்கின் வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் அத்தனை பலமும் குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் தடம் பதியும், புது பேரிங் மாட்டும்போதே செத்துவிடும். கழற்றிய பழைய பேரிங்கை வாஷருக்கு அடியில் வைத்துக்கொண்டால் அளவு தானாகச் சரியாக இருக்கும், ஆனால் அதன் வெளிவிட்டத்தைக் கொஞ்சம் அராவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். முதலில் விரலால் நேராக உட்காரவைத்து, கொஞ்சம் சாய்வது தெரிந்தாலும் நட்டைத் தளர்த்தி மறுபடி ஆரம்பியுங்கள்.

உங்கள் ஹப்பில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே குழாய் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டாவது பேரிங்கை அந்தக் குழாயைத் தொடும் வரைதான் தள்ள வேண்டும். தொட்ட பிறகும் இறுக்கினால் உள்வளையம் ஒரு பக்கம், வெளிவளையம் ஒரு பக்கம் என்று இழுபட்டு, சுற்றும்போது கட்டிப் பிடிக்கும். தொட்டதும் நிறுத்தி, விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். கிரீஸின் மெத்தென்ற தடை மட்டும் தெரிந்தால் சரி, படிப்படியாகத் தட்டுப்பட்டால் அதிகமாகிவிட்டது.

கூம்புச்சாவி:
உள்பக்கச் சீல் விஷயத்தில் என் பதில்: கழற்ற வேண்டாம். அப்படிச் சொல்கிறவர்களின் வாதம், கூடு முழுக்க கிரீஸ் இருந்தால் பேரிங்குக்கு எப்போதும் கிரீஸ் கிடைக்கும் என்பது. ஆனால் கிரீஸ் தானாக நடந்து குண்டுக்குப் போவதில்லை, கூட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். ஒரு பக்கத்துச் சீல் தோற்றுத் தண்ணீர் கூட்டுக்குள் போய்விட்டால், உள்சீல் இல்லாத மறுபக்க பேரிங்கும் சேர்ந்து போகும். இன்று உங்களுக்கு ஒரு பேரிங் மட்டும் போயிருப்பதற்குக் காரணமே அந்த உள்சீல்கள்தான். மிச்சமிருக்கும் கிரீஸை முனை மூடிக்கும் பேரிங்கின் வெளிச்சீலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தடிமனாகப் பூசுங்கள். சேறு முதலில் அதில்தான் ஒட்டும். ஓடை தாண்டிய ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மூடியை இழுத்து அந்த அழுக்கு கிரீஸை வழித்துவிட்டுப் புதுசு பூசினால் போதும், பேரிங் வரை கை வைக்க வேண்டியது வெகு அபூர்வம்.